பதின்மூன்றடி வெள்ளத்தில் மெல்ல வந்த நீர்க்காவலர் மார்லிஸ் ஓடகார்ட் அவர்களுக்கு

முப்பத்தாறு ஆண்டுப் பணி நிறைவுற்று இன்று விடைபெறும் அம்மையாருக்கு, ஹெல்போர்க் நீர்க்காவல் அலுவலகத்தார் அவையறிய வாசித்தளிக்கும் மடல்

வடபுலத்துப் பனியெல்லாம் உருகி வழிந்து மிசிசிப்பியாய்ப் பெருகிவரும் நாளில், ஊரெல்லாம் கரையேறி நிற்க, தாம் ஒருவர் மட்டும் படகேறிப் போனவரே! சீறிவரும் எஞ்சினைச் சிறு சொல்லால் அடக்கி, சினந்த முகங்களைச் சலியாத முகத்தால் எதிர்கொண்டு, சொன்ன சொல்லினின்று ஓர் அங்குலமும் இறங்காத செம்மையரே! பதின்மூன்று அடி என்னும் ஒரு வரம்பைப் பாலத்துத் தூணிலும் படகோட்டிகளின் நெஞ்சிலும் முப்பத்தாறு வசந்தங்கள் அழியாமல் எழுதிவைத்த எங்கள் நீர்க்காவலரே! மார்லிஸ் ஓடகார்ட் அம்மையீர், வணக்கம்.

தங்கள் குணங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி சூட்டி, கண்ணாடிச் சட்டமிட்டுக் கையில் கொடுத்துவிட்டால் எங்கள் கடமை முடிந்துவிடும். அப்படி ஒன்றை எழுதியும் வைத்திருந்தோம். சென்ற செவ்வாய்க்கிழமை அதைக் கிழித்துப் போட நேர்ந்தது. ஏன் என்பதை இந்த அவை அறிய வேண்டும். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்த வசந்தத்துக்குப் பிறகு இவ்வூருக்கு வந்தவர்கள். மீதிப் பாதிப்பேர் அதைத் தவறாக அறிந்தவர்கள். ஆகவே சிறிது நேரம் தங்களை முன்னிலையிலிருந்து விலக்கிப் படர்க்கையில் நிறுத்தி, வேறு யாரோ ஒருவரின் கதையைப்போலச் சொல்லப் போகிறோம். தங்கள் ரோந்துப் பதிவேடுகளையும், தாங்கள் என்றோ எங்களில் ஒருத்தியிடம் சொன்ன சில வார்த்தைகளையும் கொண்டு எழுதியது இது. பிழையிருந்தால் இருந்த இடத்திலிருந்தே தலையசைத்து மறுத்துவிடுங்கள். வாசிப்பதை நிறுத்திக்கொள்கிறோம்.

மார்லிஸ் இந்த வேலைக்கு வந்தபோது வயது இருபத்தொன்பது. தகப்பனார் படகுப் பட்டறை வைத்திருந்தவர். அவர் போனபின் பட்டறை தம்பி வெர்லினுக்கு வந்தது. ஆறு அக்காவுக்கு வந்தது என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். இருவரும் திருமணத்தைப் பற்றிப் பேசிப் பேசியே அதைத் தள்ளிப்போட்டவர்கள். வெர்லின் ஒருவழியாக நாற்பதில் செய்துகொண்டான். மார்லிஸ் செய்துகொள்ளவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும் அக்காவும் தம்பியும் பட்டறையின் பின்கட்டில் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். அக்கா சமைத்தால் உப்பு குறையும், தம்பி சமைத்தால் கூடும், அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருவரும் தட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

அவருடைய வேலை சொல்வதற்கு எளிது. பாலத்துத் தூணில் அளவுகோல் ஒன்று வரைந்திருக்கிறது. தண்ணீர் பதின்மூன்றடியைத் தொட்டால் ஆறு இறங்குதுறைகளிலும் ஆரஞ்சுப் பலகை ஏறும்: ‘அலையெழா வேகம்.’ அதாவது, கரையில் நடந்து போகிறவன் படகை முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. பதின்மூன்றடிக்குக் கீழே இறங்கினால் பலகை இறங்கும். ஏற்றுவதும் இறக்குவதும் மார்லிஸ் பொறுப்பு. மீறுகிறவரை மறிப்பதும் அவர் பொறுப்பு.

இந்த ஊரில் அந்த விதி எதற்கு என்று கேட்கிறவர், தீவின் உட்பக்கத்துக் கால்வாயை ஒருமுறை வெள்ளத்தில் பார்க்க வேண்டும். அங்கே அப்போது முப்பத்தொரு மிதவை வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. பீப்பாய்களின் மேல் பலகை பாவிக் கட்டியவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆற்றுமண்ணில் நட்ட இரண்டு கம்பங்கள். கம்பத்தைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். தண்ணீர் ஏறினால் வளையம் கம்பத்தில் வழுக்கிக்கொண்டு மேலேறும், வீடும் ஏறும். இறங்கினால் இறங்கும். கோடையில் வளையம் இடுப்பளவில் இருக்கும். பதின்மூன்றடி வெள்ளத்திலோ கம்பத்தின் நுனிக்கு ஒரு சாண் மிச்சம். அந்த நேரத்தில் ஒரு படகு விரைந்து போய் அலை அடித்தால், வளையம் நுனியைத் தாண்டிக் கழன்றுவிடும். வீடு ஆற்றோடு போய்விடும்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை மீன்பிடிப் பருவம் திறக்க இருந்தது. வெர்லின் ஒரு போட்டி அறிவித்திருந்தான். அறுபது படகுகள் வருவதாக இருந்தன. விடுதிகளில் இடமில்லை; தேவாலயத்துப் பெண்கள் நூறு பேருக்கு அடுப்பில் சுட்டெடுக்கும் கசரோல் உணவு செய்ய உருளைக்கிழங்கு வாங்கிக் குவித்திருந்தார்கள். ஆறு மட்டும் யாரையும் கேட்காமல் பதின்மூன்றடி இரண்டு அங்குலத்தில் நின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகல், மார்லிஸ் இறங்குதுறையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெர்லின் வந்தான். கையில் மனைவி சுட்ட ருபார்ப் பை என்னும் இனிப்புப் பலகாரம் ஒன்று, துணிபோட்டு மூடி.

“அக்கா, சாப்டியா?”

“பலகையைக் கழட்டச் சொல்லத்தானே வந்திருக்க? அதை அங்க வை.”

வெர்லின் சிரித்தான். பலகாரத்தைப் படகின் இருக்கையில் வைத்தான். “ரெண்டு அங்குலம்க்கா. ரெண்டு விரக்கடை. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள தானா இறங்கிடும்.”

“இறங்கட்டும். நாளைக்குச் சாயந்தரம் நானே கழட்டுறேன்.”

“போட்டி காலைல. ஆளுங்க என்ன, துடுப்புப் போட்டுட்டுப் போயி மீன் பிடிப்பாங்களா?”

“மெதுவாப் போயும் பிடிக்கலாம். மீன் எங்கயும் ஓடிடாது.”

“ஊரே எம்மேல நம்பிக்கை வச்சிருக்கு. அந்தத் தகரக் கொட்டாய்ங்களுக்காக நீ ஊர் வாயில மண்ணள்ளிப் போடுறே.”

“தகரக் கொட்டாய்க்குள்ள ஆளு இருக்குடா.”

அப்போது வெர்லின் சொல்லியிருக்க வேண்டாத ஒன்றைச் சொன்னான்.

“உனக்குன்னு ஒரு புருஷன், ஒரு புள்ளைன்னு இருந்திருந்தா நாலு பேர் பொழப்பு என்னன்னு தெரிஞ்சிருக்கும்.”

மார்லிஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தார். “எனக்குத் தண்ணி தெரியும்,” என்றார்.

அன்றைய பதிவேட்டில் இருப்பது இது: ‘நண்பகல். 13 அடி 2. பலகைகள் ஆறும் உள்ளன. வெ. வந்து போனான்.’ பலகாரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை அவர் தொடவில்லை என்பது பின்னாளில் தெரிந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு மார்லிஸ் தீவின் மேல்முனைக்கு அருகே பாலத்தடியில் படகை நிறுத்திக்கொண்டிருந்தார். பெரும்பாலான படகுகள், முனகிக்கொண்டேனும், நடைவேகத்தில்தான் போயின. அப்போது கீழிருந்து வெர்லினின் சிவப்புப் படகு முழு விசையில் வந்தது. ஆறு ஒன்றும் செய்துவிடாது என்று அறுபது படகுகளுக்கும் காட்டிவிட எண்ணினான் போலும். பெரிய ஆற்றின் வழியே தீவின் கீழ்முனையைச் சுற்றி வளைந்து, எதிர்க்கரை ஓரமாக மேலேறி, மறைந்துவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் எழுப்பிய அலை, தீவின் கீழ்முனையில் வரிசையின் கடைசியாக நின்ற வீட்டின்மேல் பக்கவாட்டில் அடித்தது. மற்ற முப்பது வீடுகளையும் தீவு மறைத்துக்கொண்டது. கடைசி வீட்டின் ஒரு வளையம் கம்பத்தின் நுனியைத் தாண்டிக் கழன்றது. பாரமெல்லாம் அடுத்த கம்பத்தின்மேல் விழ, அது மண்ணோடு சாய்ந்தது. வீடு நிதானமாக, யாரோ கூப்பிட்டதுபோல, ஆற்றுக்குள் நகர்ந்தது.

அது நெங் ஷியோங்கின் வீடு. லாவோஸ் மலைகளிலிருந்து அகதியாய் வந்த ஹ்மாங் குடும்பத்தவர், மனைவியை இழந்தவர், சன்னல் செய்யும் தொழிற்சாலையில் இராவேலை முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். அடுப்பங்கரைப் பாத்திரங்கள் உருண்ட சத்தத்தில் விழித்து, கதவைத் திறந்து, கரை போய்க்கொண்டிருப்பதைக் கண்டு, கூரைமேல் ஏறினார்.

மார்லிஸ் பாலத்தடியிலிருந்து அதைப் பார்த்தார். வீடு போய்ச் சேரும் இடமும் அவருக்குத் தெரியும்: ஒன்றரை மைலுக்குக் கீழே ரயில்பாலத்தின் கருங்கல் தூண். போக வழி ஒன்றே இருந்தது. பெரிய ஆற்றின் பக்கம் தீவின் மேல்முனையில், வெள்ளம் கொண்டுவந்த மரங்கள் பாலத்துத் தூண்கள் வரை கிளையும் வேருமாக அடைத்துக் கிடந்தன; எதிர்க்கரை ஓரத்துக்கு அவர் கடந்து போக முடியாது. உட்கால்வாய் வழியேதான் போக வேண்டும். முப்பது வீடுகளை உரசிக்கொண்டு போகும் கால்வாய். முப்பது வீட்டிலும் வளையம் நுனிக்கு ஒரு சாண் கீழே. சனிக்கிழமைக் காலை, எல்லா வீட்டிலும் ஆள்.

முழு விசையில் போனால் ஒரு நிமிடம். அலையெழாமல் போனால் ஏழு நிமிடம்.

அலுவலகத்து வயர்லெஸ் முன் அன்று அமர்ந்திருந்தவள் ரோவீனா ஹட்ச். இந்த மடலை எழுதுகிறவளும் அவள்தான். கரையிலிருந்து யாரோ தொலைபேசியில் அலறியதைக் கேட்டு அவள் ஒலிவாங்கியை எடுத்தாள்.

“மார்லிஸ், வீடு ஒண்ணு போகுது. மேல ஆளு நிக்குது.”

“பாத்துட்டேன். உள்கால்வாய்ல இருக்கேன்.”

“எங்க வந்துட்ட?”

“நாலாவது வீடு.”

“என்னது, நாலாவதா? வேகமாப் போ.”

“முடியாது.”

“அந்தாளு செத்துருவாரு மார்லிஸ். விசையைத் திற.”

“வீடுங்க தாண்டட்டும்.”

ரோவீனா அதன்பின் கத்தினாள். என்னென்ன கத்தினாள் என்பதை இந்த அவையில் எழுத்தாக்க அவளுக்குக் கை வரவில்லை. மறுமுனையில் மார்லிஸ் எண்களை மட்டும் சொன்னார். பதினொன்று. பதினைந்து. இருபத்திரண்டு. ஒரு வீட்டு முகப்பில் ஒரு பெண் பல்துலக்கிக்கொண்டு நின்றாளாம். படகைப் பார்த்துக் கையசைத்தாளாம். முப்பது என்று சொன்ன மறுகணம் எஞ்சின் அலறிய சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்டது.

வீடு தூணில் மோதுவதும் மார்லிஸ் அதை எட்டுவதும் ஒரே நேரத்தில் நடந்தன. மோதிய அதிர்ச்சியில் நெங் கூரையிலிருந்து வழுக்கினார். வலக்கால் கல்தூணுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே சிக்கியது. அடுத்த நொடி வீடு சுழன்று விலக, அவர் பனிநீரில் விழுந்தார். மார்லிஸ் அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார். தம் கழுத்துத் துணியால் தொடையை இறுகக் கட்டினார். உயிர் பிழைத்தது. கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அன்று மாலை, மார்லிஸ் சொன்னபடியே, தண்ணீர் பதின்மூன்றடிக்குக் கீழே இறங்கியது. ஆறு துறைகளுக்கும் போய்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு வீடு திரும்பினார்.

பிறகு விசாரணை. சிவப்புப் படகு யாருடையது என்று கேட்டார்கள். பாலத்திலிருந்து அது கால் மைல் தூரம். பனிமூட்டம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். “வெர்லின் ஓடகார்ட்,” என்றார் மார்லிஸ். “என் தம்பி.”

நெங்கையும் ஊன்றுகோலோடு அழைத்து வந்து நிறுத்தினார்கள். மொழிபெயர்க்க வரவேண்டியவர் வரவில்லை. ஒரு வாரம் தள்ளிவைக்க யாருக்கும் மனமில்லை. தலைவராக இருந்தவர் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டார்.

“காவல் படகு, மெதுவா வந்ததா?”

“ஆமா.”

“வேகமா வந்திருக்க முடியுமா?”

“முடியும். ஆனா…”

“போதும். உக்காருங்க.”

மார்லிஸை வேலையிலிருந்து நீக்கவில்லை. கண்டனக் கடிதம் ஒன்றைக் கோப்பில் சேர்த்தார்கள். வெர்லினின் உரிமம் இரண்டாண்டு பறிபோயிற்று. அந்த இலையுதிர்காலத்தில் பட்டறையை விற்றுவிட்டு மனைவியோடு அரிசோனாவுக்குப் போனான். புறப்படும் அன்று காலை மார்லிஸ் பட்டறை வாசலில் போய் நின்றார். வண்டி அவரைச் சுற்றி வளைந்துகொண்டு போயிற்று.

ஊர் வெர்லினை மன்னித்தது. விளையாட்டாகச் செய்தான், பாவம், ஊருக்காகச் செய்தான். மார்லிஸை மன்னிக்கவில்லை. கண்ணெதிரே ஒரு மனிதன் ஆற்றோடு போக, விதிப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போனவள் என்றது. உடன்பிறந்தவனையே காட்டிக்கொடுத்தவள் என்றது. கேஃபேயில் அவர் வந்து உயரமான முக்காலியில் அமர்ந்தால் இரண்டு பக்கத்து முக்காலிகளும் காலியாகும். ஒருநாள் ஒருவன் பரிமாறுகிறவளிடம் உரக்கச் சொன்னான்: “மெல்ல ஊத்தும்மா. மார்லிஸ் வந்திருக்கா. காபில அலை எழும்பிடப் போவுது.” எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸும் கொஞ்சம் சிரித்தார். காபியைக் குடித்துவிட்டு எழுந்தவர், அதன்பின் அந்தப் படியேறவில்லை.

ஊருக்கு அந்தக் கதை எப்படிப் போயிற்று? வயர்லெஸ்ஸில் அவர் ‘முடியாது’ என்று சொன்னதைக் கேட்ட காது ஒன்றே ஒன்று. அன்று மதியமே அதைக் கேஃபேயில் சொன்ன வாயும் ஒன்றே. ரோவீனா ‘முடியாது’ என்பதைச் சொன்னாள். ‘வீடுங்க தாண்டட்டும்’ என்பதைச் சொல்லவில்லை. பொய் சொன்னதாக அவள் நினைக்கவில்லை. யார்மேலாவது சினங்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குப் பின் பதினெட்டு வசந்தங்கள். ரோந்துப் படகில் இரண்டு இருக்கைகள் உண்டு. முன்பெல்லாம் வெள்ளக்காலத்தில் இன்னொரு காவலர் உடன்போவார். அந்த ஆண்டுக்குப் பிறகு ஒருவருக்கு முதுகுவலி வந்தது, ஒருவருக்குச் சாலைப்பணி வந்தது, ஒருவர் காரணமே சொல்லவில்லை. எங்கள் அலுவலகத் தலைவரான ஷெரிஃப் லோவெல் க்ரட்ஸ் அப்போது இளங்காவலர். முதுகுவலி அவருடையதுதான் என்று எழுதச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார். பதிவேட்டில் ‘உடன் சென்றோர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக அதில் ஒரு கோடுதான். வெறுமனே விட்டிருக்கலாம், மார்லிஸ் ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டை அடிகோல் வைத்து இழுத்திருக்கிறார்.

வயர்லெஸ்ஸில் மணிக்கொருமுறை அவர் குரல் வரும். “பதின்மூணு நாலு. நடமாட்டம் இல்ல.” ரோவீனா “சரி” என்பாள். சில நாள் அந்தச் ‘சரி’க்குப் பிறகும் மறுமுனையில் பொத்தானை விடாமல் பிடித்திருப்பது தெரியும். காற்றும் தண்ணீரும் சற்று நேரம் கேட்கும். பிறகு விட்டுவிடுவார். ஏழாம் ஆண்டோ எட்டாம் ஆண்டோ, ஒரு மதியம், அலுவலகத்தில் இருவர் மட்டும் இருந்தபோது அவர் சொன்னார்: “அந்த ஏழு நிமிஷம் சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல ரோவீனா. தினமும் போட்டுப் பாக்குறேன். விடை வரல.” ரோவீனா அடிக்காத தொலைபேசியை எடுக்க எழுந்து போனாள்.

இந்தப் பதினெட்டு வசந்தங்களில் ஹெல்போர்க்கில் ஒரு மிதவை வீடுகூடக் கழன்று போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

இனிச் செவ்வாய்க்கிழமை. பணி நிறைவு வாழ்த்தட்டையில் ஆற்றங்கரைக்காரர்களிடம் கையெழுத்து வாங்க ரோவீனா போயிருந்தாள். நெங் ஷியோங் அதே கீழ்முனையில் புது வீடு கட்டி இருக்கிறார். மரக்காலைக் கழற்றி வைத்துவிட்டு முகப்பில் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவரிடம் அட்டையை நீட்டவே அவளுக்குக் கூச்சம். எல்லோரிடமும் வாங்கிவிட்டு அவரை மட்டும் விட்டால் அது இன்னும் தவறாகும் என்று நீட்டினாள்.

அவர் அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “நான் போடுறேன்மா. ஆனா அந்தம்மா ஏத்துக்குவாங்களா? அவங்களுக்கு எம்மேல கோவமாச்சே.”

“அவங்களுக்கா? உங்க மேலயா?”

“என்னாலதானே அவங்களுக்குக் கண்டனக் கடிதம் வந்துச்சு? மெதுவா வந்தாங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். மீதியைச் சொல்றதுக்குள்ள போதும்னுட்டாங்க. அப்ப எனக்கு உங்க பேச்சு அவ்வளவா வராது.”

“மீதி என்னங்க ஐயா?”

அவர் வலையைக் கீழே வைத்தார். வரிசையின் நடுவே ஒரு பச்சைக் கூரையைக் காட்டினார்.

“அது என் மக பாஹுவா வீடு. அப்பவும் அங்கதான் இருந்தா. குழந்தை பொறந்து ஒன்பது நாள். எங்க வழக்கத்துல முப்பது நாளு கோழிச்சாறும் சோறும்தான் பத்தியம், வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது. அவ புருஷன் வேலைக்குப் போயிட்டான். நான் கூரைமேல நின்னு பாக்குறேன். காவல் படகு கால்வாய்க்குள்ள வருது. இவங்க என்னைக் காப்பாத்துறேன்னு விரட்டிட்டு வந்தா, என் புள்ளையும் பேத்தியும் போயிடுவாங்களே. கையை ஆட்டினேன். மெதுவா, மெதுவான்னு கத்தினேன். எங்க பேச்சுலதான் கத்தினேன், அவங்களுக்கு எங்க கேக்கும்? ஆனா அவங்க மெதுவாத்தான் வந்தாங்க. பச்சைக் கூரையைத் தாண்டுற வரைக்கும் நான் மூச்சு விடல. தாண்டினாங்க. அப்புறம் எனக்கு என்ன ஆனாலும் பரவால்லன்னு ஆயிடுச்சு.”

ரோவீனா முகப்புப் படியில் உட்கார்ந்தாள்.

“இதை ஏன் அவங்ககிட்ட இத்தனை வருஷமா சொல்லல?”

“எங்க சொல்ல? ஒவ்வொரு வசந்தத்துக்கும் இந்த முனைக்கு வருவாங்க. இன்னும் மெதுவாக்குவாங்க. இந்த முகப்பைப் பாப்பாங்க. கையைப் பாதி தூக்குவாங்க, அப்புறம் கீழ போட்டுடுவாங்க. நிக்க மாட்டாங்க. நிக்காதவங்களை நான் எப்படிம்மா கூப்புடுறது? எம்மேல இருக்குற கோவம்னு நெனச்சேன். சரி, கோவப்பட நியாயம் இருக்கு, படட்டும்னு விட்டுட்டேன்.”

ஆற்றின் இரு பக்கமும் இரண்டு பேர், மற்றவர் தம்மை வெறுப்பதாக எண்ணிக்கொண்டு, பதினெட்டு ஆண்டு. நடுவில் ஒரு படகு நீளம்தான் தண்ணீர். ரோவீனா அலுவலகம் திரும்பி, எழுதி வைத்திருந்த பழைய மடலைக் கிழித்தாள். அன்றிரவே மார்லிஸ் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஊரறியச் சொன்ன பழியை ஊரறியத்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று லோவெல் சொன்னார். அது சரி என்று எங்களுக்குப் பட்டது. தவறென்றால் அதையும் சேர்த்துப் பொறுத்தருளுங்கள்.

அம்மையீர், மீண்டும் தங்கள் முன்னிலைக்கு வருகிறோம்.

தலைவர் தொடங்கித் தட்டச்சர் வரை இவ்வலுவலகத்தார் அனைவரும் தங்களுக்குச் சூட்ட நினைத்த அடைமொழிகள் பல. கடமை வழுவாதவர், கலங்காத நெஞ்சினர், கைம்மாறு கருதாதவர் என்று அவை நீள்கின்றன. அவற்றையெல்லாம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. உடன்வராதவர்கள் வழித்துணையின் பெருமையைப் பாடக்கூடாது. தங்கள் கோப்பிலிருந்த கண்டனக் கடிதத்தை நேற்று நடந்த கூட்டம் ஒருமனதாகத் திரும்பப் பெற்றது. அந்தத் தாளைத் தங்களிடமே தருகிறோம்; எரிப்பதோ வைத்துக்கொள்வதோ தங்கள் விருப்பம். பதினெட்டு ஆண்டுகளைத் திரும்பத் தர எங்களிடம் தாள் எதுவும் இல்லை.

தங்கள் தம்பிக்கு அரிசோனா முகவரியில் அழைப்பு அனுப்பினோம். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வந்தது. பதில் வரவில்லை. இன்று காலை வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாங்களும் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தோம். அதில் எங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அந்த வருத்தத்தைத் தாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக நேரும் என்று அறிவோம்.

ஆனால் நேரே வீட்டுக்குப் போக வேண்டாம். மூன்றாம் வரிசையில் ஊன்றுகோலோடு ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் மகள். அடுத்து, வரும் வாரம் உயர்நிலைப்பள்ளி முடிக்கும் ஒரு பெண். ஆறு இன்று பதினொன்றரை அடி; எந்த வேகத்திலும் போகலாம். அவர்கள் வீட்டில் ஆவியில் வேகவைத்த சோறும் பொரித்த கெளுத்தியும் ஆயத்தமாக இருக்கின்றன என்றும், இம்முறை எஞ்சினை அணைத்துவிட்டுப் படகைக் கட்ட வேண்டும் என்றும் அவரே எங்களைச் சொல்லச் சொன்னார்.

உறக்கம் நல்லுறக்கமாக, மூட்டுகள் நோவின்றி, பார்வை மங்காமல், பல்லாண்டு இக்கரையிலேயே வாழ்ந்திருங்கள். தங்கள் கதவை நாங்கள் தட்டும்போது திறப்பதும் திறவாததும் தங்கள் மனம். தட்டுவோம் என்பது மட்டும் எங்கள் உறுதி.

இங்ஙனம்,

லோவெல் க்ரட்ஸ், ஷெரிஃப்
ரோவீனா ஹட்ச், வயர்லெஸ் பிரிவு
மற்றும் அலுவலகத்தார் பதினால்வர்

உடன் கையொப்பமிடுவோர்:

பாஹுவா ஷியோங்
கலியா லோர், வயது பதினெட்டு
நெங் ஷியோங். இவர் தம் பெயருக்குக் கீழே தம் கையால் எழுதியது: ‘மெதுவா வந்ததுக்கு நன்றி.’